நின்றுபோன பின்னணிச் சேவை: காரணம் தேடும் முறைகள் பற்றிய ஓர் ஆய்வு

சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியில், எவரும் எதிரே உட்கார்ந்து இயக்காமல், இரவும் பகலும் தானாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலே பின்னணிச் சேவை ஆகும். இணையப் பக்கங்களை அனுப்பும் எஞ்சின்எக்ஸ், தரவுத்தளத்தைக் காக்கும் போஸ்ட்கிரெஸ், மின்னஞ்சலைப் பெற்றுச் சேர்க்கும் போஸ்ட்ஃபிக்ஸ், குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. யூனிக்ஸ் மரபில் இதற்கு 'டீமன்' என்று பெயர். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 7094 கணினியை வைத்துப் பணியாற்றியவர்கள் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தனர். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் சிற்றுருவிலிருந்தே இப்பெயர் எடுக்கப்பட்டது என்று அங்கு நேரப்பகிர்வு முறையை உருவாக்கிய பெர்னாண்டோ கோர்பாட்டோ பின்னாளில் விளக்கினார்.

கண்ணில் படாமல் உழைக்கும் இந்நிரல் கண்ணில் படாமலேயே நின்றும் போகிறது. மேசைக் கணினியில் ஒரு செயலி மூடிக்கொண்டால் அதன் முன் இருப்பவர் அக்கணமே அறிந்துகொள்கிறார். சர்வரில் ஒரு சேவை விழுந்தால், எங்கோ ஒரு பயனருக்குப் பக்கம் திறக்கவில்லை என்ற முறையீடாகவே அச்செய்தி நிர்வாகியை வந்தடைகிறது. அந்த இடைவெளிக்குள் சேவை பலமுறை எழுந்து பலமுறை விழுந்திருக்கலாம். ஆகவே சேவையை மீண்டும் ஓடவைப்பதும், அது ஏன் நின்றது என்று அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் வேலையை அவசரமாகச் செய்யும்போது இரண்டாம் வேலைக்கு வேண்டிய தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. இத்துறையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவான கருவிகளையும் கருத்துகளையும் இந்த முரணைத் தீர்க்கும் முயற்சிகளாகப் பார்த்தால்தான் அவற்றின் வரிசை விளங்குகிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு செயல்முறை எனப்படும்; அதற்கு ஓர் எண்ணும், அதைத் தொடங்கிவைத்த ஒரு தாய்ச் செயல்முறையும் உண்டு. செயல்முறை முடியும்போது அது எவ்வாறு முடிந்தது என்ற குறிப்பை கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, தாய்க்காக எடுத்துவைக்கிறது. தாய் அதைக் கேட்டு வாங்கும்வரை இறந்த செயல்முறையின் பெயர் பட்டியலில் நீடிக்கும். இக்குறிப்பு மிகச் சிறியது, ஆனால் விசாரணை தொடங்கவேண்டிய இடம் அதுவே. நிரல் தானாக வெளியேறியதா, வெளியேறியதெனில் என்ன எண்ணைச் சொல்லிவிட்டு வெளியேறியது, இல்லையெனில் எந்தச் சிக்னலால் முடித்துவைக்கப்பட்டது என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. சிக்னல் என்பது கெர்னலோ வேறொரு செயல்முறையோ ஒரு நிரலுக்கு அனுப்பும் எண்ணிட்ட அறிவிப்பு. 15ஆம் சிக்னல் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. 9ஆம் சிக்னல் தடுக்க முடியாத முடிவு. 11ஆம் சிக்னல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்ட நிரலுக்குக் கிடைப்பது. 6ஆம் சிக்னல், உள்நிலை கெட்டுவிட்டதைத் தானே கண்டுகொண்ட நிரல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதற்கானது. ஷெல் எனப்படும் கட்டளை ஓட்டில் இவை 128உடன் கூட்டப்பட்டு 143, 137, 139, 134 என்று தெரியும் என்பதால், 137 என்ற எண்ணைக் கண்ட மாத்திரத்திலேயே பழகிய நிர்வாகி நினைவகப் பற்றாக்குறையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்.

இப்பாகுபாடு விசாரணையின் திசையையே மாற்றுகிறது. 1 போன்ற ஓர் எண்ணோடு தானாக வெளியேறிய சேவை பெரும்பாலும் காரணத்தைத் தன் பதிவேட்டில் எழுதிவிட்டே போயிருக்கும். அமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டது, கேட்கவேண்டிய போர்ட்டை வேறொரு நிரல் பிடித்திருக்கிறது, சான்றிதழ்க் கோப்பைப் படிக்க அனுமதியில்லை என்பன போன்றவை இங்கே அடங்கும். 9ஆம் சிக்னலால் முடிந்த சேவையின் பதிவேட்டில் எதுவும் இராது, ஏனெனில் எழுத அதற்கு அவகாசம் தரப்படவில்லை. எனவே அனுப்பியவர் யார் என்று வெளியே தேடவேண்டும். 11ஆம் சிக்னலால் விழுந்ததெனில் பிழை அந்த நிரலுக்குள்ளோ, அது பயன்படுத்தும் நூலகத்திலோ, அரிதாகப் பழுதான நினைவகச் சில்லிலோ இருக்கிறது.

இந்த மூன்றாம் வகையில் கெர்னல் தன் பதிவில் எழுதும் ஒற்றை வரியைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயனுடையது. இன்டெல் வகைச் செயலியில் ஓடும் லினக்ஸில், நிரலின் பெயர், அதன் எண், 'செக்ஃபால்ட் அட்' என்ற சொற்கள், பதினாறடிமானத்தில் ஒரு முகவரி, அக்கணம் செயலி நின்ற கட்டளையின் முகவரி, 'எர்ரர்' என்று ஓர் எண், இறுதியில் எந்த நூலகக் கோப்புக்குள் அது நடந்தது என்ற விவரம் ஆகியவை வரிசையாக வரும். தொட முயன்ற முகவரி 18 என்றும் பிழை எண் 4 என்றும் இருப்பதாகக் கொள்வோம். பதினாறடிமான 18 என்பது 24. இவ்வளவு சிறிய முகவரி எந்த நிரலுக்கும் உரியதாக இராது. ஒரு தரவுக் கட்டமைப்பின் தொடக்கத்தைக் காட்டவேண்டிய சுட்டி வெறுமையாக, அதாவது சுழியமாக, இருந்திருக்கிறது. நிரல் அதைச் சரிபார்க்காமல் அக்கட்டமைப்பின் 24ஆம் பைட்டில் உள்ள உறுப்பைப் படிக்கப் போயிருக்கிறது. பிழை எண் 4 என்பது பயனர் நிலையில் ஓடிய நிரல், இல்லாத பக்கத்தைப் படிக்க முயன்றது என்பதையும், 6 எனில் எழுத முயன்றது என்பதையும் குறிக்கும். கட்டளை முகவரியிலிருந்து நூலகத்தின் தொடக்க முகவரியைக் கழித்து, 'ஆட்ர் டு லைன்' என்ற கருவியிடம் கொடுத்தால், பிழைதிருத்தக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் மூல நிரலின் கோப்பும் வரியும்கூடக் கிடைத்துவிடும். புரியாத எண்களின் குவியல் என்று பலரும் தாண்டிப்போகும் வரி இது.

அதைவிட விரிவான தடயம் 'கோர் டம்ப்' எனப்படும் நினைவகப் படி. காந்த வளையங்களால் ஆன பழைய நினைவகத்துக்கு 'கோர்' என்று பெயர் இருந்த காலத்தின் சொல் இது. சேவை விழுந்த கணத்தில் அதன் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்துவைப்பதே இதன் செயல். இக்கோப்பை ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் திறந்தால், எந்தச் செயற்கூறு எதை அழைத்து, அது எதை அழைத்து, எங்கே போய் நின்றது என்ற சங்கிலி கண்முன் விரிகிறது. ஆனால் பல லினக்ஸ் வெளியீடுகளில் இந்த நினைவகப் படியின் அளவு வரம்பு இயல்பாகவே சுழியமாக வைக்கப்பட்டிருப்பதால், தேவைப்படும் நாளில் அது இல்லாமற்போகிறது. இயல்பாக முடக்கிவைப்பதற்கு நியாயங்கள் இல்லாமலில்லை. பெரிய தரவுத்தளச் சேவையின் நினைவகப் படி பல கிகாபைட்டுகள் வளர்ந்து வட்டை நிரப்பி, அடுத்த சேவையையும் வீழ்த்தக்கூடும். கடவுச்சொற்களும் மறைகுறியாக்கச் சாவிகளும் அதில் வெளிப்படையாகக் கிடக்கும். எனினும் வரம்பிட்ட அளவில், நிர்வாகி மட்டுமே படிக்கக்கூடிய தனி அடைவில் அதைச் சேமிக்கும் 'சிஸ்டம்டி கோர்டம்ப்' போன்ற ஏற்பாடுகள் இன்று பரவலாகக் கிடைக்கும்போது, முற்றிலும் முடக்கிவைப்பதை ஏற்பது கடினம்.

இறந்தவரின் அருகில் யார் இருந்தார் என்ற கேள்வியை யூனிக்ஸின் பழைய வழக்கம் வினோதமாகக் கையாண்டது. டீமனாக மாற விரும்பும் நிரல் தன்னைப் போல ஒரு பிரதியைப் பிரித்துவிட்டுத் தான் வெளியேறிவிடும். அந்தப் பிரதியும் இன்னொரு முறை பிரிந்து, கடைசியாக எஞ்சுவது தாயற்ற செயல்முறையாக நின்று, கணினியின் முதல் செயல்முறையான 'இனிட்'டின் பொறுப்பில் போய்ச் சேரும். முனையத்திலிருந்து முற்றாக விடுபடுவதற்காகச் செய்த இந்த ஏற்பாட்டால், சேவை இறந்தபோது அதன் முடிவுக் குறிப்பை வாங்கிக்கொண்டது இனிட். அதற்கோ அச்சேவை இன்னதென்று தெரியாது, எனவே குறிப்பை வாங்கிக் கீழே போட்டுவிட்டது. அதற்கு மாற்றாகச் சேவைகள் தம் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்தன. சேவை திடீரென விழுந்தால் அக்கோப்பு அழிக்கப்படாமல் கிடக்கும்; செயல்முறை எண்கள் ஒரு வரம்பை எட்டியபின் மீண்டும் முதலிலிருந்து வழங்கப்படும் என்பதால், அதே எண் பின்னர் சம்பந்தமில்லாத வேறொரு நிரலுக்குப் போயிருக்கும். 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லி எழ மறுக்கும் சேவைகளும், நிறுத்தும் கட்டளையால் தவறாகக் கொல்லப்பட்ட அயல் நிரல்களும் இவ்வாறு உண்டானவை. இன்றும் போஸ்ட்கிரெஸ் தன் தரவு அடைவில் இத்தகைய எண் கோப்பை வைத்திருக்கிறது. சேவை உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதிசெய்யாமல் அதை அழித்தால், ஒரே தரவின்மீது இரு சேவைகள் ஏறி அதைச் சிதைத்துவிடக்கூடும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய 'டீமன்டூல்ஸ்' இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கியது. சேவை பின்னணிக்குப் போகவே கூடாது, கண்காணிப்பாளரின் நேரடிக் குழந்தையாகவே இருக்கவேண்டும், இறந்தால் அவரே முதலில் அறிந்து மீண்டும் எழுப்பவேண்டும் என்பது அதன் விதி. லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்டு, பின்னர் ஃபெடோரா, ரெட்ஹாட், டெபியன், உபுண்டு என்று அனைத்திலும் நிலைபெற்ற 'சிஸ்டம்டி' இக்கருத்தை முதல் செயல்முறைக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன்மேல் எழுந்த கசப்பான விவாதங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே முக்கியமானது, ஒரு சேவையிலிருந்து கிளைத்த எல்லாச் செயல்முறைகளையும் கெர்னலின் குழு ஏற்பாட்டால் ஒன்றாகப் பிடித்துவைத்து, முடிவுக் குறிப்பையும் கடைசிப் பதிவு வரிகளையும் ஒரே கட்டளையில் காட்டும் வசதி. ஒரு காலத்தில் ஐந்தாறு கோப்புகளில் தேடவேண்டியிருந்தது இன்று ஒரு திரையில் வந்து நிற்கிறது.

அத்திரை காட்டும் கடைசி வரி பெரும்பாலும் வழிதவறச் செய்வது என்பதையும் சொல்லியாகவேண்டும். சிஸ்டம்டியின் இயல்பு அமைப்பின்படி, மறுதொடக்கத்துக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட சேவை விழுந்தால் 100 மில்லிநொடி பொறுத்து அது மீண்டும் எழுப்பப்படும். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்கவில்லையெனில் கைவிடப்படும். தொடங்கியவுடனே விழும் சேவைக்கு இந்த ஐந்து வாய்ப்புகளும் ஏறத்தாழ ஒரு நொடியிலேயே தீர்ந்துவிடும். தரவுத்தளம் தயாராக அரை நிமிடம் ஆகும் சர்வரில், அதை நம்பியிருக்கும் சேவை அதற்குள் ஐந்துமுறை தோற்று ஓய்ந்துபோயிருக்கும். அப்போது பதிவின் அடியில் நிற்பது, தொடக்கக் கோரிக்கை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தது என்ற வாக்கியம். தேடுபவர் பலர் இவ்வாக்கியத்தையே நோயாக எடுத்துக்கொண்டு வரம்பை உயர்த்தி விடுகிறார்கள். உண்மைக் காரணம் சில வரிகள் மேலே, முதல் வீழ்ச்சிக்கு முந்தைய வரியில், 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று அமைதியாக எழுதப்பட்டிருக்கும். இதற்கு நேர்மாறான நிலை இன்னும் கவலைக்குரியது. பொறுக்கும் நேரத்தை 5 நொடி என்று மாற்றிவைத்தால், 10 நொடிக்குள் ஐந்து தொடக்கங்கள் ஒருபோதும் நிகழா. எனவே வரம்பு எட்டப்படாது. சேவை நாட்கணக்கில் எழுவதும் விழுவதுமாக இருக்கும். நிர்வாகி எட்டிப்பார்க்கும் நேரத்தில் அது பச்சை எழுத்தில் 'ஓடுகிறது' என்று காட்டவும் கூடும். அந்தச் சொல்லை நம்பாமல், எத்தனை நிமிடமாக ஓடுகிறது, இதுவரை எத்தனைமுறை மறுதொடக்கம் ஆனது என்ற இரண்டையும் கேட்டறிவது நல்ல நிர்வாகியின் பழக்கம்.

பதிவேட்டின் கடைசி வரி நிரலின் கடைசிச் செயலைத்தான் காட்டுகிறது என்பதும் உறுதியில்லை. சி மொழியின் நூலகம், வெளியீடு முனையத்துக்குப் போகாதபோது, எழுத்துகளைச் சில கிலோபைட் அளவுக்குச் சேர்த்துவைத்தே அனுப்புகிறது. சேவை 11ஆம் சிக்னலால் விழுந்தால் அனுப்பப்படாமல் சேர்ந்திருந்த சொற்கள் அதனோடு போய்விடுகின்றன. கெர்னலின் பதிவு, பழையதன்மேல் புதியதை எழுதும் வட்டத் தேக்கம். சிஸ்டம்டியின் பதிவேடோ, அதற்கான நிலையான அடைவு உருவாக்கப்படாத கணினியில் நினைவகத்திலேயே இருக்கும்; 'எதற்கும் ஒருமுறை ரீபூட் செய்து பார்க்கலாம்' என்ற முடிவோடு அது முழுதும் மறையும். எதையும் தொடுமுன் சேவையின் நிலைத்திரை, அதன் பதிவு, கெர்னலின் பதிவு, நினைவகம் மற்றும் வட்டின் அப்போதைய நிலவரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. சேவை விழாமல் உறைந்து நின்றிருந்தால், கொல்லுமுன் 'ஜிகோர்' என்ற கருவியால் உயிரோடிருக்கும் நிரலின் நினைவகப் படியையே எடுத்துக்கொள்ளலாம்.

மறுதொடக்கம் ஏன் இவ்வளவு முறை பலிக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் ஜிம் கிரே. டேண்டம் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1985இல் எழுதிய அறிக்கையில், மென்பொருள் பிழைகளை அவர் இருவகையாகப் பிரித்தார். அணு மாதிரியை வகுத்த போர் என்ற இயற்பியலாளரின் பெயரால் 'போர்பக்' என்று அவர் குறித்தவை, அதே உள்ளீட்டுக்கு அதே இடத்தில் தவறாமல் விழுபவை. நிச்சயமின்மைக் கோட்பாட்டின் ஹைசன்பர்க் பெயரால் 'ஹைசன்பக்' என்று குறித்தவை, நேரப் பொருத்தத்தையும் சூழலையும் சார்ந்து எப்போதாவது தோன்றி, தேடப் போனால் ஒளிந்துகொள்பவை. அவர் ஆராய்ந்த ஒரு பதிவுத் தொகுப்பில் 132 மென்பொருள் பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் முதல் வகையினது. எஞ்சியவை அனைத்தும் மறுமுறை முயன்றால் மறையக்கூடியவை. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலியோர் 1986 முதல் வளர்த்த எர்லாங் மொழி, கெட்டுப்போன சிறு செயல்முறையைத் திருத்த முயலாமல் விழவிட்டு, மேற்பார்வைச் செயல்முறையால் புதிதாகத் தொடங்கச் செய்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் கான்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் இருவரும் 2003இல் இன்னும் ஒருபடி போய், ஒழுங்காக நிறுத்தும் வழியே இல்லாமல், வீழ்ச்சியையே நிறுத்தமாகவும் மீட்சியையே தொடக்கமாகவும் கொள்ளும் மென்பொருளை முன்மொழிந்தனர். 1995இல் பெல் ஆய்வகத்தினர் வெளியிட்ட ஆய்வு, நீண்ட நாள் ஓடும் நிரலில் கசிவுகளும் சிதறல்களும் சேர்ந்து அது முதுமையடைகிறது என்றும், விழுமுன் நாமே குறித்த நேரத்தில் அதைப் புதுப்பித்துவிடுவது மேல் என்றும் வாதிட்டது.

இக்கருத்துகள் யாவும் மதிப்புக்குரியவை; ஆனால் 132க்கு 1 என்ற எண்ணிக்கையைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்வது தவறு. அது கடுமையாகச் சோதிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் களத்தில் ஓடி, திரும்பத் திரும்ப நிகழும் பிழைகள் ஏற்கெனவே களையப்பட்ட மென்பொருளின் கணக்கு. நேற்று மாலை புதிய பதிப்பு ஏற்றப்பட்ட சேவைக்கோ, இன்று காலை அமைப்புக் கோப்பு திருத்தப்பட்ட சேவைக்கோ அது பொருந்தாது. அதே அறிக்கையில் கணினிகள் நின்றதற்கான காரணங்களில் 42 விழுக்காடு நிர்வாகத்தைச் சார்ந்தது, அதாவது இயக்குபவர்களின் செயல்கள், அமைப்பு மாற்றங்கள், பராமரிப்பு ஆகியவற்றைச் சார்ந்தது என்று கிரே கணக்கிட்டிருப்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த புதுப்பிப்புக் கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அந்நிரல் 21 மதிப்புகளை எதிர்பார்த்தபோது அதற்குத் தரப்பட்டவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய், கெர்னலின் ஒரு பகுதியாக அது ஓடியதால், கணினியே விழுந்தது. எழுந்தவுடன் அதே கோப்பைப் படித்ததால் பெரும்பாலான கணினிகள் மீண்டும் விழுந்தன. பிழையான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டும், விழுந்து கிடந்த கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் போய்ப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, கோப்பைக் கையால் அழிக்கவேண்டியிருந்தது. ஆகவே, 'கடைசியாக எது மாறியது' என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. தொகுப்பு நிறுவல் பதிவும், அமைப்புக் கோப்புகளின் திருத்த நேரமும், சான்றிதழ்களின் காலாவதித் தேதியும் பல வேளைகளில் பிழைதிருத்தியை விட விரைவாகப் பதில் சொல்லிவிடுகின்றன.

விழுந்த சேவையிடம் குற்றமே இல்லாத வழக்குகளும் ஏராளம். லினக்ஸ் கெர்னல், நிரல்கள் கேட்கும் நினைவகத்தையெல்லாம் அவை உண்மையில் பயன்படுத்தமாட்டா என்ற நம்பிக்கையில், கையிருப்பைவிட அதிகமாகவே வாக்களிக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டு வரும்போது, 'ஓஓஎம் கில்லர்' எனப்படும் அதன் பகுதி ஒரு செயல்முறையைத் தேர்ந்து 9ஆம் சிக்னலால் முடிக்கிறது. அதிக நினைவகம் வைத்திருப்பதே முதன்மைத் தகுதியாக எண்ணப்படுவதால், பலியாவது பெரும்பாலும் அந்தச் சர்வரின் உயிர்நாடியான தரவுத்தளமாக இருக்கும்; பற்றாக்குறையைக் கிளப்பியதோ நள்ளிரவில் கிரான் தொடங்கிய ஒரு காப்புப்பிரதி நிரலாக இருக்கும். கெர்னல் பதிவில் அக்கணத்தில் அது அச்சிடும் பட்டியலில் எல்லாச் செயல்முறைகளின் நினைவக அளவும் இருப்பதால், கொல்லப்பட்டவரின் பெயரோடு நிறுத்தாமல் அப்பட்டியல் முழுவதையும் படிப்பது அவசியம். போஸ்ட்கிரெஸின் ஆவணங்கள் இந்த மிகைவாக்குறுதியைக் கட்டுப்படுத்தும்படி பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். அதன் ஒரு துணைச் செயல்முறை இவ்வாறு கொல்லப்பட்டால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் தலைமைச் செயல்முறை எஞ்சிய எல்லா இணைப்புகளையும் துண்டித்து, மாற்றப் பதிவிலிருந்து மீண்டெழுகிறது.

வட்டு நிரம்பியதாகச் சேவை முறையிடும்போது 'டிஎஃப்' கட்டளை பாதி இடம் காலி என்று காட்டுவதுண்டு. கோப்புகளின் விவர அட்டைகளான ஐநோடுகள் தீர்ந்திருந்தால், இடம் இருந்தும் புதுக்கோப்பு உருவாகாது. கோடிக்கணக்கான சிறு அமர்வுக் கோப்புகள் குவிந்த அடைவே வழக்கமான காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. பெரிய பதிவுக் கோப்பை நிர்வாகி அழித்தபின்னும் இடம் திரும்பாதிருப்பது, ஏதோ ஒரு செயல்முறை அதைத் திறந்தே வைத்திருப்பதால். பெயர்தான் அழிந்தது, உள்ளடக்கம் அந்தப் பிடி விடும்வரை வட்டில் இருக்கும். கடிகாரமும் குற்றவாளியாகலாம். 2012 ஜூன் 30 இறுதியில் உலக நேரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டபோது, லினக்ஸ் கெர்னலின் நேரக் கணக்கில் இருந்த பிழையால் ஜாவா சேவைகள் பல உலகெங்கும் ஒரே கணத்தில் செயலியை முழுதாக விழுங்கித் திணறின. ரெட்டிட் தளமும் அதில் தடுமாறியது. தேதியை அதே தேதியாக மீண்டும் ஒருமுறை அமைத்ததே பலருக்கு மருந்தானது. சம்பந்தமில்லாத சர்வர்கள் ஒரே நொடியில் விழுந்தால் அவற்றின் நிரல்களைக் குடைவதைவிட, அவை பகிர்ந்துகொண்டிருக்கும் பொருள் எது என்று கேட்பதே அறிவு.

மீட்சியே நோயைப் பரப்பிய வழக்கு 1990 ஜனவரி 15 அன்று நடந்தது. அமெரிக்காவின் ஏடிஅண்ட்டி தொலைபேசி வலையமைப்பில் நியூயார்க்கில் இருந்த ஓர் இணைப்பகம் சிறு கோளாறால் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, சில நொடியில் வேலைக்குத் திரும்பி, தன் அழைப்புகளை அண்டை இணைப்பகங்களுக்கு அனுப்பியது. அவை 'இவர் மீண்டுவிட்டார்' என்று தம் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த நொடிப்பின்னத்தில் இரண்டாவது செய்தியும் வந்து சேர்ந்தபோது, சி மொழியில் 'பிரேக்' என்ற ஒரு சொல் தவறான இடத்தில் இருந்ததால் அவற்றின் தரவு சிதைந்து அவையும் மறுதொடக்கமாயின. அவை மீண்டபோது தம் அண்டையை வீழ்த்தின. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் புதிய பதிப்பு ஏற்றப்பட்டிருந்தது. 114 இணைப்பகங்களிலும் ஒரே மென்பொருள் இருந்ததால் ஒன்பது மணிநேரம் நாட்டின் தொலைதூர அழைப்புகள் நிலைகுலைந்தன; வலையமைப்பின் செய்திச் சுமையைக் குறைத்த பின்னரே அலை அடங்கியது. இன்று பல கணினிகளில் சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருள், விழுந்துகொண்டேயிருக்கும் சேவையை 10 நொடி, 20 நொடி, 40 நொடி என்று இருமடங்காக்கி, 5 நிமிடம்வரை பொறுத்துப் பொறுத்து எழுப்பும் முறைக்குப் பின்னால் இத்தகைய அனுபவங்களே இருக்கின்றன. உடனே எழும் ஆயிரம் சேவைகள் ஒரே தரவுத்தளத்தை ஒரே கணத்தில் தட்டினால், எழுந்துகொண்டிருக்கும் அதுவும் படுத்துவிடும்.

கருவிகளையும் கருத்துகளையும் ஒருங்கே காட்டும் வழக்கு செவ்வாய்க் கோளில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று அங்கு இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் அடிக்கடி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சேகரித்த தரவு காப்பாற்றப்பட்டாலும், அன்றைய எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. விண்கலத்தின் தகவல் தடத்தை நடத்தும் முக்கியப் பணி குறித்த நேரத்துக்குள் முடிந்ததா என்று மற்றொரு பணி சரிபார்க்கும். முடியாவிட்டால் கணினியை மீட்டெழச் செய்யும். அந்தக் காவல் ஏற்பாடு சரியாகவே வேலைசெய்தது. தாமதம் ஏன் என்பதே புதிர். கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த விண்கலத்தின் இரட்டைப் பிரதியில், பணிகள் மாறும் ஒவ்வொரு கணத்தையும் குறித்துவைக்கும் பதிவு வசதியை இயக்கி, செவ்வாயின் வேலைச்சுமையை அப்படியே கொடுத்து, மீட்டெழுதல் நிகழும்வரை பொறியாளர்கள் ஓட்டினர். நிகழ்ந்தபின் பதிவைப் பின்னோக்கிப் படித்தபோது, வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்த வேளையில், நடுத்தர முன்னுரிமைப் பணிகள் அதை ஓடவிடாமல் முந்திக்கொண்டதும், அந்தப் பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி வாசலில் காத்துக் கிடந்ததும் வெளிப்பட்டன. பூட்டு வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன்கொடுக்கும் விருப்பத்தேர்வு, விண்கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது; ஆனால் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் மாற்றம் பூமியிலிருந்து அனுப்பப்பட்டது. இதே மீட்டெழுதல் ஏவுதலுக்கு முந்தைய சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாமற்போனதாலும், தரையிறங்கும் மென்பொருளே அப்போது முதன்மையாக இருந்ததாலும் காரணம் காணப்படாமல் நின்றது. ஆனால் அந்தப் பதிவு வசதி சோதனை முடிந்ததும் நீக்கப்படாமல் பறக்கும் மென்பொருளிலேயே விடப்பட்டிருந்ததால், செவ்வாயில் ஓடியதும் ஆய்வகத்தில் ஓடியதும் எழுத்துக்கெழுத்து ஒரே நிரலாக இருந்தன.